ட்ரெபிள் காணாமல் போன வருஷம்

“கேக்குதா? தாளம் கேக்குதா உனக்கு?”

என் வீட்டுக்காரர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். எதிரே அவர் தன் கையால் செய்த ஆம்ப்ளிஃபயர், மூடி கழற்றிக் கிடக்கிறது. பக்கத்தில் ஸ்பூல் டேப் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஈயம் உருகிய புகையும், வெளியே மில்லிலிருந்து வரும் கரும்புப் பாகு வாசனையும் கலந்து வீடே ஒரு மாதிரி இனிப்பும் கசப்புமாக இருக்கிறது. நான் அடுக்களையிலிருந்து ரொட்டி மாவுக் கையோடு ஓடி வந்து நிற்கிறேன்.

“கேக்குதாவா? காதுல கோணி ஊசி விட்டுக் குத்தற மாதிரி இருக்கு. அணைச்சுத் தொலைங்க!”

“பொய் சொல்லாதே. மந்தமா இருக்கு. மேல் சத்தமே வரல. கம்பளியப் போத்திக்கிட்டுப் பாடற மாதிரி இருக்கு.”

“கம்பளியும் இல்ல, கருமாந்தரமும் இல்ல. பக்கத்து வீட்டு நாய் ஓடிப்போச்சு, பாத்தீங்களா?”

நிஜமாகவே ஓடிவிட்டது. அன்று சாயங்காலம் வரை அது திரும்பி வரவில்லை.

ரராவாய் சர்க்கரை மில்லுக்குப் பின்னால் இருந்த எங்கள் தகர வீட்டில், எங்கள் இந்திய ஜனங்களுக்கு எதிராகப் பட்டாளம் ஆட்சியைப் பிடித்த அந்த வருஷத்தில், இந்தச் சண்டை தினமும் நடந்தது. சும்மா புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் இங்கே எழுத மாட்டேன். அந்தப் பெட்டி ஒழுங்காகப் பாடினால்தான் நாங்கள் பிஜியை விட்டுப் போக முடியும் என்ற நிலைமை.

திருகு இல்லாத பெட்டி

என் வீட்டுக்காரர் பெயர் முனிசாமி. மில்லில் எலெக்ட்ரீஷியன். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை; “இந்தாங்க” என்றால் திரும்புவார். நாங்கள் பேசியதில் பாதி இந்தி, பாதி தமிழ். உங்களுக்காக எல்லாவற்றையும் தமிழாகவே எழுதுகிறேன். என் அப்பா மாரியம்மன் கோயில் பூசாரியாக இருந்ததால் எனக்கு எழுதப் படிக்க வந்தது. இல்லாவிட்டால் இந்தத் தொடரும் இல்லை, நீங்களும் நிம்மதியாக இருந்திருப்பீர்கள்.

மற்ற ஆண்கள் சாயங்காலம் வேரை இடித்துக் கரைக்கிற யங்கோனாச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து குடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். இவர் பெட்டியைச் சுற்றி உட்காருவார். பழுதான ரேடியோ, ஹோட்டல்காரர்கள் தூக்கிப் போட்டது, கப்பலில் வந்தது என்று எங்கெங்கிருந்தோ சாமான் சேர்த்து, கழற்றிக் கழற்றி மாட்டி, ஒரு ஆம்ப்ளிஃபயர் செய்தார். அதில் ஒரே ஒரு திருகுதான், சத்தத்தைக் கூட்டக் குறைக்க. மேல் சத்தமான ட்ரெபிளுக்கும் அடிச் சத்தமான பேஸுக்கும் திருகே கிடையாது.

“எல்லார் வீட்டுலயும் ட்ரெபிள்னு ஒண்ணு இருக்கே, இதுல எங்க?” என்று கல்யாணமான புதிதில் கேட்டுவிட்டேன். பிடித்துக்கொண்டார்.

“கடைக்காரன் ட்ரெபிளைத் தூக்கி வெச்சு விப்பான். கேக்கறவன் ஆகா, எவ்ளோ தெளிவும்பான். அரை மணி கழிச்சுத் தலைவலி வரும். ஏன் வருதுன்னு தெரியாது. இயற்கையா இருக்கிற சத்தத்துல நாம கை வெக்கக் கூடாது. உள்ள என்ன போகுதோ அதான் வெளிய வரணும். அதுக்குத் திருகு எதுக்கு?”

“சரி சாமி, தெரியாமக் கேட்டுட்டேன்.”

பெட்டியைச் சோதிக்க அவரிடம் ஒரு டேப் இருந்தது. வெளிநாட்டு இசைத்தட்டு எதையும் அவர் நம்ப மாட்டார். அதில் வாசிக்கிற பிடில் நேரில் எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியுமா என்பார். அதனால் எங்கள் கோயில் வெள்ளிக்கிழமை பஜனையைத் தானே பதிவு செய்து வைத்திருந்தார். அதில் தாளம் போட்டது நான். தாளம் என்றால் தெரியும் அல்லவா, ஜால்ரா, இரண்டு சின்ன வெண்கலக் கிண்ணி. அந்த ஓசை ஒழுங்காக வந்தால் பெட்டி ஒழுங்கு. வரவில்லையென்றால் மூடியைக் கழற்ற வேண்டியதுதான்.

அதுதான் இப்போது வரவில்லையாம்.

ஆக்லாந்துக்காரர்

அந்த வருஷம் எப்படி இருந்தது என்று இங்கே வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடிவதில்லை. பட்டாள உத்தரவு, ஞாயிற்றுக்கிழமை பஸ் ஓடாது, கடை திறக்காது. ரோட்டில் துப்பாக்கியோடு பையன்கள். எதிர்வீட்டு வாத்தியார் குடும்பம் ஒரு காலையில் தட்டுமுட்டுச் சாமான்களை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டுக் கனடா போய்விட்டது. அவர்கள் கொடுத்த அம்மிக் குழவி இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு வாரமும் கோயிலில் யாராவது ஒருவர் குறைவார்கள். “அவங்களும் போயிட்டாங்களா?” என்பதுதான் அப்போது எங்கள் குசல விசாரிப்பு.

எங்களுக்குப் போக வழியில்லை. அக்காள் தங்கை யாரும் வெளிநாட்டில் இல்லை. படிப்புப் பட்டமும் இல்லை. எனக்கோ வயிற்றில் மூன்று மாசம். பயத்தில் தூக்கம் வராது.

அப்போதுதான் என் தம்பி கோவிந்தன் ஒரு சேதியோடு வந்தான். அவன் சிகடோகா பக்கம் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் வேலை பார்த்தான். ஹோட்டலின் நடனக் கூடத்துக்கு ஸ்பீக்கர் பொருத்த ஆக்லாந்திலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வரப் போகிறாராம். அங்கே அவருக்குச் சொந்தமாகச் சின்னப் பட்டறை. பெரிய பணக்காரர்களுக்கு விலை உயர்ந்த ஆம்ப்ளிஃபயர் செய்து கொடுக்கிறவர். கைவேலை தெரிந்த ஆள் அவருக்கு வேண்டுமாம்.

“மாமா, உங்களப் பத்தி மேனேஜர் மூலமா எழுதச் சொன்னேன். அவர் வந்து இறங்கினதும் பெட்டிய ஹோட்டலுக்கு எடுத்துட்டு வரச் சொல்லிட்டாரு. கேட்டுட்டுப் புடிச்சா, வேலை குடுத்து விசாவுக்கும் தானே எழுதித் தர்றாராம்.”

என் வீட்டுக்காரர் எழுந்து பெட்டியைத் தூக்கி மேஜை மேல் வைத்து ஒரு துணியால் துடைத்தார். நான் அடுக்களைக்குப் போய் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

துடைத்துவிட்டு டேப்பைப் போட்டார். அன்றைக்குத்தான் ஆரம்பித்தது வினை.

கொதிக்கிற கெட்டில்

தாளம் மந்தமாக இருக்கிறது என்றார். ஒரு கெப்பாசிட்டரைக் கழற்றி வேறொன்றை வைத்தார். கொஞ்சம் பரவாயில்லை என்றார். மறுநாள் மறுபடி மந்தம். இன்னொன்றைக் கழற்றினார். இப்படியே ட்ரெபிளைத் தூக்கித் தூக்கி, கடைசியில் என் தாளச் சத்தம் தகரத்தை அறுக்கிற சத்தமாகிவிட்டது. வாழ்நாளெல்லாம் கடைக்காரனைத் திட்டிய மனுஷன், எந்தக் கடைக்காரனும் செய்யாத அநியாயத்தைத் தன் பெட்டிக்குத் தானே செய்துகொண்டிருந்தார். நான் சொன்னால் காதில் வாங்கினால்தானே!

ஒரு காலையில் கெட்டில் விசிலடித்தது. இவர் அதற்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். விசில் வீல் வீலென்று அலறுகிறது. மனுஷன் பக்கத்தைப் புரட்டுகிறார்.

அடுப்பை அணைத்தேன்.

மெதுவாக அவர் பின்னால் போய் நின்றேன். என் கை நிறையக் கண்ணாடி வளையல். அவர் காதுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்க் குலுக்கினேன். திரும்பவில்லை. இந்தக் காது, அந்தக் காது, இரண்டிலும் குலுக்கினேன். திரும்பவே இல்லை. அப்புறம் பேப்பர் மேல் என் கையின் நிழல் ஆடுவதைப் பார்த்துவிட்டுத்தான் அண்ணாந்து பார்த்தார்.

“என்ன பண்றே?”

“வளையல் குலுக்கறேங்க.”

என் கையைப் பார்த்தார். மறுபடி ஒருமுறை குலுக்கிக் காட்டினேன். வளையல் ஆடுவது அவருக்குத் தெரிகிறது, சத்தம் போகவில்லை. பேப்பரை மடித்து வைத்தார்.

“மில்லு தின்னுடுச்சு” என்றார். “இத்தன வருஷ இரைச்சல். காது போச்சு. முடிஞ்சுது.”

ஐயோ, அப்போது எனக்கு வந்த பயம் இருக்கிறதே! காதில்லாத மனுஷனுக்குப் பட்டறையில் யார் வேலை கொடுப்பார்கள்? ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், ஆக்லாந்து அந்த நிமிஷம் எனக்கு ஞாபகமே இல்லை. வயிற்றில் இருக்கிற பிள்ளை அழுதால் இவருக்குக் கேட்குமா என்றுதான் நினைத்தேன்.

நடபுவா டாக்டரம்மா

லௌடோகாவுக்குப் பஸ் ஏறினோம். அங்கே நடபுவா என்ற பகுதியில் வீட்டு முன்னறையிலேயே வைத்தியம் பார்க்கிற ஒரு டாக்டரம்மா இருந்தார். அந்த வீட்டிலும் பாதிச் சாமான் பெட்டியில் ஏறியிருந்தது. அவரும் ஆஸ்திரேலியா கிளம்பிக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் இவர் இரண்டு காதையும் மாறி மாறித் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் மாரியாத்தாவோடு பேசிக்கொண்டு வந்தேன். தாயே, நாட்டை விட்டுப் போவது அப்புறம் இருக்கட்டும், இந்த ஆளுக்குக் காதைக் கொடு, உனக்குக் கரகம் எடுக்கிறேன் என்று.

டாக்டரம்மா விளக்கை வைத்து வலது காதைப் பார்த்தார். இடது காதைப் பார்த்தார். மறுபடி வலது காதைப் பார்த்தார்.

“காதுக்குள்ள என்ன ஊத்துவீங்க?” என்று இந்தியில் கேட்டார்.

நான்தான் சத்தமாக அவருக்குச் சொல்லி, அவர் சார்பில் பதிலும் சொன்னேன். “சனிக்கிழமை சனிக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளிப்பாருங்க. பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சின தேங்காய் எண்ணெய், காதுக்கு ரெண்டு சொட்டு. எங்க ஜனங்க எல்லாருமே ஊத்தறதுதானே?”

“ஊத்திட்டு?”

“பஞ்சு வெப்பாரு.”

“பஞ்சை எடுப்பாரா?”

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். கரும்பு அரைவைக் காலத்தில் மில் இரைச்சலுக்குப் பயந்து வேலைக்குப் போகிறபோதும் பஞ்சு வைத்துக்கொள்வார். பெட்டிக்காகப் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றிய காது அல்லவா! எண்ணெயில் ஊறின பஞ்சு உள்ளே நழுவிப் போயிருக்கும். வெளியே ஒன்றும் தட்டுப்படாததால் விழுந்துவிட்டது என்று நினைத்துப் புதுசு வைத்திருப்பார்.

டாக்டரம்மா வெதுவெதுப்பான தண்ணீரைப் பெரிய பீச்சாங்குழலில் எடுத்தார். காதுக்குக் கீழே கிண்ணத்தைப் பிடிக்க என்னிடம் கொடுத்தார். பீச்சினார். ஒன்றும் வரவில்லை. மறுபடி பீச்சினார். அப்புறம் சின்ன இடுக்கியை விட்டு மெல்ல இழுத்தார்.

வந்தது பாருங்கள், கறுப்பாக, எண்ணெயும் அழுக்கும் கரும்புச் சக்கைத் தூசும் சேர்ந்து, திரி மாதிரி ஒரு உருண்டை. அதன் பின்னால் இன்னொன்று. அந்தக் காது முடிந்து இந்தக் காது. அதிலும் அப்படியே. எனக்குக் குமட்டலும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினேன்.

சடக்கென்று என் பக்கம் திரும்பினார்.

“என்னா சத்தம் அது?”

“எது?”

“உன் கையில.”

“வளையலுங்க” என்றேன். அழுகை வந்துவிட்டது.

ஜன்னலுக்கு வெளியே மைனா கத்தியது. அதற்குத் திரும்பினார். டாக்டரம்மா இடுக்கியைத் தட்டில் போட்டார். அதற்கும் திரும்பினார். பிறந்த குழந்தை மாதிரி ஒவ்வொன்றுக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“காது நல்லாத்தான் இருக்கு. இனிமே முழங்கையை விடச் சின்னதா இருக்கற எதையும் காதுல விடாதீங்க” என்றார் டாக்டரம்மா. “எண்ணெயைத் தலைக்கு மட்டும் தேயுங்க.”

அப்பாடா! வாசலுக்கு வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு இருவரும் சிரித்தோம். எதிரே ரோட்டில் பட்டாள லாரி ஒன்று போனது. போனால் போகட்டும் என்று சிரித்தோம்.

பிஸ்கட் டின்

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக டேப்பைப் போட்டார்.

ஒரு கணம்தான். காதைப் பொத்திக்கொண்டு துள்ளி எழுந்தார்.

“அட கடவுளே! யார் இதை இப்படிப் பண்ணது?”

இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. வெகு நாள் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் சொன்னேன். நாய் ஓடியது உட்பட. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். பாவம், அன்றைக்கு எல்லாமே நன்றாகக் கேட்டது.

ஆனால் வேறொரு தலைவலி இருந்தது. பெட்டியைப் பழையபடி ஆக்கப் பழைய கெப்பாசிட்டர்கள் வேண்டும். சாமான் விற்கிற, பா என்கிற பக்கத்து டவுன் கடைக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகளோடு போய்விட்டார். ஆக்லாந்துக்காரரோ ஹோட்டலுக்கு வந்து இறங்கியாகிவிட்டது என்று தம்பி சொல்லி அனுப்பியிருந்தான்.

“கழட்டினதெல்லாம் தரையிலதான் போட்டேன். நீ பெருக்கித் தள்ளியிருப்பே” என்றார்.

நான் பெருக்குகிறவள்தான். தள்ளுகிறவள் இல்லை. ஆணி, பொத்தான், அறுந்த செருப்பு வார் எதையும் எறிய எனக்கு மனசு வராது. இதற்காக அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமல்ல. அலமாரிக்கு மேலிருந்து பிஸ்கட் டின்னை இறக்கி அவர் முன்னால் கவிழ்த்தேன். பொத்தான்களுக்கு நடுவில் அவருடைய சாமான்கள் அத்தனையும் கிடந்தன.

ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். பிறகு, “நீ மகராசி” என்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொல்லவில்லை. ஈயம் பற்றவைக்கிற கம்பியைச் சூடாக்கப் போய்விட்டார்.

வெறுங்கை

கிளம்புகிற அன்று காலை ஒரு புதுச் சண்டை.

“வளையலைக் கழட்டி வெச்சுட்டு வா.”

“எதுக்கு?”

“அவர் கேக்கறப்ப நீ கையை ஆட்டினா காரியம் கெட்டுடும். சும்மாவே ஆட்டாம உனக்குப் பேச வராது.”

“சுமங்கலிப் பொம்பள வெறுங்கையோட போய் உக்காரணுமா? வயித்துப் புள்ளைக்காரி வளையலைக் கழட்டுவாளா? முந்தாநாள் வரைக்கும் கேக்காத காதுக்கு இன்னைக்கு இவ்ளோ அதிகாரமா?”

“டீக் ஹை, நீ வராதே.”

வராமல் இருப்பேனா? கழற்றி, கைக்குட்டையில் சுற்றி, வீட்டிலேயே சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டேன். மணிக்கட்டில் ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டேன். வழி நெடுக அவரோடு பேசவில்லை.

பெட்டியைப் போர்வையில் சுற்றிக் கோணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நாந்தி தாண்டி, குயின்ஸ் ரோட்டில் பட்டாளத்துக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தினார்கள். காவிதி, அதாவது பிஜிப் பூர்வகுடிப் பையன் ஒருவன், முளைத்தும் முளைக்காத மீசை, கோணியைப் பிரிக்கச் சொன்னான்.

“ரேடியோவா? யாருக்குச் சேதி அனுப்புற?”

“சேதி இல்ல தம்பி. பாட்டுப் பெட்டி. பாட்டைப் பெருசாக்கிக் காட்டும்.”

பையன் குனிந்து உள்ளே பார்த்தான். “எங்க சர்ச்சுல ஒண்ணு இருக்கு. கீச்சுகீச்சுன்னு கத்தும். பொம்பளைங்க பாடறப்ப காது வலிக்கும்.”

“ட்ரெபிளைக் குறைக்கச் சொல்லு” என்றார் இவர், மனசார. மேலே பேசியிருப்பார், நான் விலாவில் இடித்தேன். பையன் சிரித்துவிட்டுக் கோணியைத் தானே கட்டிக் கொடுத்தான்.

ஹோட்டலில் ஈ காக்கை இல்லை. கலவரத்துக்குப் பயந்து வெள்ளைக்காரர்கள் வருவதை நிறுத்தியிருந்தார்கள். நடனக் கூடத்தில் நாற்காலிகளைக் கவிழ்த்து அடுக்கியிருந்தார்கள். ஆக்லாந்துக்காரர் உயரமாக, ஒல்லியாக, சிரிக்கத் தெரியாதவர் மாதிரி இருந்தார். கை கொடுத்தார். பெட்டியைத் தன் ஸ்பீக்கரோடும் டேப் மிஷினோடும் பொருத்தச் சொன்னார்.

“ட்ரெபிள் திருகு எங்கே?” என்று கேட்டார்.

“இல்லை” என்றார் இவர்.

ஆக்லாந்துக்காரர் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். தன்னிடமிருந்த டேப் ஒன்றைப் போட்டுக் கொஞ்ச நேரம் கேட்டார். நிறுத்தினார். “உன்னிடம் என்ன இருக்கிறது?” என்றார்.

கோயில் டேப்பைப் போட்டார் என் வீட்டுக்காரர். போட்டுவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் என் வெறுங்கை இரண்டையும் மடியில் வைத்து இறுக்கிக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தேன்.

மிருதங்கம் வந்தது. ஆண்கள் குரல் வந்தது. அப்புறம் என் தாளம். குத்தவில்லை, அறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை என் விரலில் எப்படி ஒலிக்குமோ அப்படி ஒலித்தது.

ஆக்லாந்துக்காரர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். சட்டென்று முகம் சுளித்தார். கண்ணைத் திறந்து என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகத்தான். கூட்டத்தில் பேசுகிறவளைப் பார்க்கிற மாதிரி, நேராக என் கையைப் பார்த்தார்.

என் கையில் ஒன்றும் இல்லை. ஒரு மஞ்சள் கயிறு மட்டும்.

மறுபடி கேட்டது. தாளத்துக்கு அடியில், மெல்லிசாக, கண்ணாடியும் கண்ணாடியும் உரசுகிற சத்தம். அன்று கோயிலில் தாளம் போட்டபோது என் கையில் கிடந்த வளையல்கள்.

அவர் ஸ்பீக்கரைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், அந்தக் காலிக் கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி!

என் வீட்டுக்காரர் அப்போதுதான் தலையைத் தூக்கினார். அவரும் என் கையைத்தான் பார்த்தார்.

வேலையும் விசாவும் கிடைத்து விமானம் ஏறியது பல மாசம் கழித்து, கைக்குழந்தையோடு. ஆனால் என்னைக் கேட்டால், நாங்கள் பிழைத்தது அந்த நிமிஷத்தில்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவரே சாமி படத்துக்கு முன்னாலிருந்த கைக்குட்டையைப் பிரித்து, ஒவ்வொரு வளையலாக என் கையில் போட்டுவிட்டார். போட்டு முடித்துவிட்டு, “எங்க, ஆட்டு” என்றார்.